வைன்ஸ்டாட் பற்றித் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

எல்லோருக்கும் வணக்கம். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இருந்து வரும் ஞாயிற்றுக்கிழமை அவரை வைன்ஸ்டாட் கூட்டிப் போகலாம் என்று ஆசை. ரெம்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாய்டல்ஸ்பாக், எண்டர்ஸ்பாக், குரோஸ்ஹெப்பாக், ஷ்னைட், ஸ்ட்ரும்ஃபல்பாக் என்ற ஐந்து திராட்சைத் தோட்டக் கிராமங்களை 1975-ல் இணைத்து உருவாக்கிய ஊர் அது. பெயருக்கே 'வைன் நகரம்' என்றுதான் பொருள்.

என்னை இழுப்பது பாய்டல்ஸ்பாக்தான். 1514-ல் அந்தப் பகுதியை ஆண்ட உல்ரிச் கோமகன் எடைக்கற்களைக் குறைத்து மறைமுகமாக வரி பிடுங்கியபோது, அந்த ஊர்க்காரர் ஒருவர் புது எடைக்கல்லை ரெம்ஸ் ஆற்றில் எறிந்தாராம். மிதந்தால் கோமகன் பக்கம் நியாயம், மூழ்கினால் மக்கள் பக்கம். கல் மூழ்கியது, கலகம் வெடித்தது. அந்த ஆற்றங்கரையில் அம்மாவோடு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

சரி, என் கேள்விகள். எஸ்2 புறநகர் ரயில் எண்டர்ஸ்பாக்கிலும் பாய்டல்ஸ்பாக்கிலும் நிற்கும். மற்ற மூன்று ஊர்களுக்கும் ஞாயிறன்று பஸ் கிடைக்குமா? ஷ்னைட்டில் பிறந்த இசையமைப்பாளர் சில்ஹரின் அருங்காட்சியகம் அன்று திறந்திருக்குமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற்றம் ஏற முடியாது. ஸ்ட்ரும்ஃபல்பாக்கின் பழைய மரச்சட்ட வீடுகளைச் சமதளமாகவே நடந்து பார்க்க வழி உண்டா?

போய் வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.