டெஸ்ட் பார்ஸ் பாஸ், உண்மையான ஃபைல் ஃபெயில்: உங்களுக்கு எப்போது நடந்தது?

கடைசி_வரி:
டிஎஃப்டிஎல் எடிட்டர், அதாவது ஒரு ஃபைலின் வடிவத்தை விவரிக்கும் ஸ்கீமாவை எழுதும் கருவி, இங்கே பலருக்கும் பழக்கம்தான். கமா பிரித்த ஆர்டர் ஃபைல். விசார்டில் ஸ்கீமா போட்டு, நானே மூன்று வரி அடித்து, ஸ்கீமாப்படி பிரிகிறதா என்று டெஸ்ட் பார்ஸ் ஓட்டினேன். புலங்கள் மரமாக அழகாக விரிந்தன. எதிர்த்தரப்பின் நிஜ ஃபைல் வந்ததும் விழுந்தது. அரை நாள் கமாவையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஹெக்ஸில், அதாவது பைட் பைட்டாகத் திறந்தால், கடைசி ரெக்கார்டுக்குப் பின்னால் சிஆர், எல்எஃப் என்று 2 பைட் வரிமுறிவு சும்மா உட்கார்ந்திருக்கிறது. ரெக்கார்டுகளைப் பிரிக்கும் குறியான செப்பரேட்டரை நான் இன்ஃபிக்ஸ் என்று வைத்திருந்தேன். ரெக்கார்டுகளுக்கு நடுவில் மட்டும்தான் வரும். என் மாதிரியில் கடைசியாக என்டர் தட்டவே இல்லை!

எல்லாம்_ஸ்ட்ரிங்:
உங்களுக்காவது விழுந்தது. எனக்கு விழவே இல்லை. முகவரிக்குள் கமா, சுற்றி இரட்டை மேற்கோள். மேற்கோளுக்குள் வரும் கமாவைப் பிரிக்காதே என்று சொல்லும் எஸ்கேப் ஸ்கீம் எழுதி வைத்திருந்தேன், ஆனால் அதைச் சுட்ட வேண்டிய எஸ்கேப் ஸ்கீம் ரெஃப் பண்பு காலி. எழுதினால் போதாது, சுட்டவும் வேண்டும் என்று அன்றுதான் உறைத்தது. எல்லாப் புலமும் ஸ்ட்ரிங், அதாவது எந்த எழுத்தையும் ஏற்கும்; கடைசிப் புலம் ஆப்ஷனல், இல்லாவிட்டாலும் சரி. ஆகவே எல்லாம் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்து, பார்ஸ் வெற்றி என்றது. ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பாதித் தெருவும் மூடும் மேற்கோள்குறி ஒன்றும் தொங்கியதைக் கண்டவர் வாடிக்கையாளர்.

பழைய_கை:
முதல் பதிவர் செய்தது அடிப்படைத் தவறு. செப்பரேட்டரில் சிஆர், எல்எஃப் என்று அடிக்காமல் வரிமுறிவைக் குறிக்கும் பொதுக் குறியான என்எல் என்டிட்டி போடுங்கள். எல்எஃப், சிஆர், இரண்டும் சேர்ந்தது எல்லாவற்றையும் அது பிடிக்கும். திருப்பி எழுதும்போது எது வர வேண்டும் என்பதை அவுட்புட் நியூ லைன் பண்பில் சொல்லுங்கள். இரண்டாவது பதிவருக்கு: எல்லாவற்றையும் ஸ்ட்ரிங்காக விடாமல், தொகையை டெசிமல் ஆக்குங்கள், தேதியைத் தேதியாக்குங்கள். புலம் நகர்ந்தால் உடனே கத்தும். மாதிரி ஃபைலை நீங்களே அடிக்காதீர்கள், அனுப்புகிறவரிடமே கேளுங்கள், அதுவும் இணைப்பாக. எனக்கு ஒருமுறை மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பினார்கள், டேப் எல்லாம் ஸ்பேஸாகியிருந்தது. அவ்வளவுதான் என் கதை.

கடைசி_வரி:
ஐயா, என்எல் போட்டாலும் இன்ஃபிக்ஸ் இன்ஃபிக்ஸ்தானே? கடைசி வரிமுறிவு அப்படியே மிஞ்சும். ஒவ்வொரு ரெக்கார்டின் முடிவிலும் வர வேண்டிய குறியாக டெர்மினேட்டர் வைத்த பிறகுதான் ஓடியது. இப்போது வேறொரு தரப்பு கடைசி என்டர் இல்லாமல் அனுப்புகிறது.