கொல்லைப் பலாவை அறுத்து கிச்சன் கப்போர்டு: செய்யலாமா, பிளைவுட்டே போதுமா?

கொல்லைக்காரன்:
கொல்லையில் ஒரு பலா, ஒரு மா, இரண்டையும் வெட்டியாக வேண்டும். பலாவின் அடிமரம் 8 அடி நீளம், நடுச்சுற்று 48 அங்குலம். 10 அடி சமையலறை மேடைக்குக் கீழும் மேலும் கப்போர்டு முழுவதையும் இதிலேயே முடிக்கலாமா? ஆசாரி முடியும் என்கிறார். இன்டீரியர் ஆள் கிட்டவே போகாதீர்கள் என்கிறார்.

பிளை710:
இன்டீரியர் ஆள் சொல்வதைக் கேளுங்கள். இந்த மாதம் அறுத்து அடுத்த மாதம் அடித்த கதவுகளை ஊரெங்கும் பார்க்கலாம். மூட்டு விலகியிருக்கும், ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். அதோடு, கப்போர்டின் பக்கப் பலகைக்கு 22 அங்குல அகலம் வேண்டும். நாலைந்து பலகையை ஒட்டினால்தான் அந்த அகலம் வரும். ஒட்டிய பலகை ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் நடுவே 4, 5 மிமீ கூடிக் குறையும். பிளைவுட்டில் அடுக்குக்கு அடுக்கு இழை குறுக்கே போவதால் இந்தத் தொல்லையே கிடையாது. ஐஎஸ் 710 முத்திரை (நீர் தாங்கும் பிளைவுட்டுக்கான தர முத்திரை) போட்ட 19 மிமீ ஷீட் வாங்கி வேலையை முடியுங்கள்.

இழைப்புளி:
பச்சை மரத்தில் அடித்தால் முறுக்கும், சரி. பச்சையில் அடிக்கச் சொன்னது யார்?

வெட்டிய அன்றே அடிமரத்தின் இரண்டு முனையிலும் கெட்டியாக பெயின்ட்டோ மெழுகோ பூசிவிட வேண்டும். நீர் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். பூசாமல் விட்டால் இரண்டு பக்கமும் ஓரடி வெடித்து விறகுக்குப் போகும். மில்லில் கதவுச் சட்டத்துக்கு 1¼ அங்குலமும், சட்டத்துக்குள் நிற்கும் நடுப்பலகைக்கு 1 அங்குலமும் கேளுங்கள். காய்ந்து, இழைத்து முடியும்போது சட்டம் 20 மிமீ நிற்கும்.

அடுக்குவதில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், நிழலில், காற்று குறுக்கே போகிற இடத்தில் அடுக்குங்கள். பலகைகளுக்கு நடுவே ஒன்றரை அடிக்கு ஒன்றாக 1 அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) போடுங்கள். மேல் வரிசை ரீப்பர் கீழ் வரிசை ரீப்பருக்கு நேர் மேலேயே வர வேண்டும். தள்ளிப் போட்டால் மேலிருக்கும் பாரம் இடைவெளியில் இறங்கி, பலகை அப்படியே வளைந்து காய்ந்துவிடும். கடைசி வரிசை மேல் நாலு பழைய கருங்கல்லை ஏற்றுங்கள். 1 அங்குலப் பலகை காய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். ஈரம் அளக்கும் மீட்டரில் பார்ப்பதென்றால் ஒரு துண்டை நடுவில் அறுத்து, அறுத்த முகத்தில் ஊசியைக் குத்திப் பாருங்கள். 12 சதவீதம் காட்டினால் வேலை தொடங்கலாம். வெளிமுகத்தில் குத்தினால் எப்போதும் நல்ல எண்ணாகத்தான் காட்டும், நம்பாதீர்கள். மீட்டர் இல்லையென்றால் ஒரு துண்டுக்கு அடையாளம் போட்டு மாதாமாதம் எடை பாருங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது.

மரவாடிக்கணக்கு:
முதலில் மரம் போதுமா என்று பாருங்கள். சுற்று 48, அதில் கால் பங்கு 12 அங்குலம், அதாவது ஓரடி. 1 × 1 × 8, ஆக மரவாடிக் கணக்கில் 8 கன அடி. இந்தக் கணக்கு உண்மையான கன அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைத்தே காட்டும். ஆனாலும் வெளித்தட்டு, மரத்தூள், வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிர் மரம்) எல்லாம் போக நாலரையிலிருந்து 5 கன அடி வைரப் பலகை (உள்ளே இருக்கும் கெட்டி மரம்) வந்தால் பெரிது. 24 × 18 அங்குலக் கதவு ஒன்றுக்குக் கழிவோடு சேர்த்து மூன்றில் ஒரு கன அடி போகும். கீழும் மேலும் சேர்த்து 14 கதவுக்கு இந்த மரம் சரியாக இருக்கும். கதவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியும் மரத்திலேயே என்றால் இன்னொரு 8 கன அடி அறுத்த மரத்துக்கு எங்கே போவீர்கள்?

இன்னொன்று, வீட்டு மரம் என்றால் ஆணி இருக்கும். கொடிக் கயிறு கட்டியது, ஊஞ்சல் மாட்டியது, சீரியல் லைட் தொங்கவிட்டது என்று நாலு தலைமுறை ஆணி உள்ளே போய் மூடியிருக்கும். பேண்ட்சா பிளேடு போனால் மில்காரர் காசு கேட்பார். ஆள் உயரம் வரை மெட்டல் டிடெக்டர் வைத்துப் பார்த்துவிட்டு மரத்தை வண்டியில் ஏற்றுங்கள்.

மாவை மறந்துவிடுங்கள். நம்மூரில் அது கான்கிரீட் அடிக்கும் பலகைக்குப் போகிற மரம்.

பிளை710:
உளுப்பைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. பளபளவென்று பாலிஷ் போட்ட கதவுக்கு அடியில் ஒரு நாள் காலையில் பார்த்தால் மாவு கொட்டிக் கிடக்கும், மேலே குண்டூசித் துளை. அப்புறம் எதை மாற்றுவீர்கள்?

கீழத்தெரு:
தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது. பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

இழைப்புளி:
அண்ணே, உளுக்க வைக்கும் வண்டு தேடுவது வெள்ளையில் இருக்கும் மாவுச்சத்தை. வைரத்தில் அது கிடையாது. எந்தப் பிறையில் வெட்டினாலும் சட்டத்தின் ஓரத்தில் விரல் அகலம் வெள்ளையை விட்டுவைத்தால் அங்கே துளை விழும். பெரியவர்கள் செய்த இன்னொரு வேலை இதைவிடப் பலன் தரும். அடிமரத்தைக் குளத்தில் மாதக்கணக்கில் ஊறப்போட்டார்கள். ஊறினால் மாவுச்சத்து குறையும்.

இன்றைக்குக் குளத்துக்குப் பதில் போரான். போராக்ஸ் 3 பங்கு, போரிக் அமிலம் 2 பங்கு, இரண்டும் சேர்ந்து 1 கிலோ, 10 லிட்டர் வெந்நீர். அறுத்த ஈரம் காயும் முன்பே பலகையை இதில் முக்கி எடுத்து, பாலிதீன் ஷீட்டில் இறுகச் சுற்றி மூன்று வாரம் வைத்துவிட்டு, பிறகு ரீப்பர் போட்டு அடுக்குங்கள். பச்சை மரத்தின் நீர் வழியாகத்தான் மருந்து உள்ளே இறங்கும். காய்ந்த பலகையில் தடவினால் மேலோடு நின்றுவிடும். தண்ணீர் பட்டால் கரைந்து போகிற மருந்து என்பதால் மேலே பியூ அல்லது மெலமைன் பாலிஷ் கட்டாயம். அதையும் உள்முகம், வெளிமுகம் இரண்டிலும் ஒரே அளவு கோட் அடியுங்கள். ஒரு முகத்துக்கு மட்டும் அடித்தால் பலகை குழியும்.

பிளை710:
சரி, வண்டு போயிற்று. 22 அங்குலப் பக்கப் பலகை? அதில் டிராயர் சேனலை (டிராயர் ஓடும் தண்டவாளம்) நாலு ஸ்க்ரூ போட்டு முறுக்கினால் கோடையில் பலகை சுருங்க இடமில்லாமல் வெடிக்கும்.

இழைப்புளி:
சேனலில் வட்டத் துளையும் இருக்கிறது, நீளத் துளையும் இருக்கிறது. முன்பக்கம் வட்டத் துளையில் ஒரு ஸ்க்ரூ, மற்றதெல்லாம் நீளத் துளையின் நடுவில். பலகை நகர்ந்தாலும் ஸ்க்ரூ கூடவே நகரும். இதைச் செய்யும் ஆசாரி குறைவு என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

மரவாடிக்கணக்கு:
பெட்டியே எதற்கு? நம்மூர் மேடைக்கடியில் கடப்பாக்கல் தடுப்பும் தட்டும் ஏற்கெனவே இருக்குமே. சட்டமும் கதவும் போட்டால் வேலை முடிந்தது. கரையானுக்குக் கல்லில் வேலையில்லை.

கொல்லைக்காரன்:
மேடைக்கடியில் கடப்பாக்கல்தான் சார். அப்படியானால் கீழே கதவு மட்டும், மேல் வரிசைப் பெட்டிக்கு ஷீட். கதவின் அளவுகளைக் கொஞ்சம் சொல்ல முடியுமா?

இழைப்புளி:
18 அங்குல அகலக் கதவுக்குச் சட்டம் இரண்டரை அங்குலம், இரண்டு பக்கமும் சேர்த்து 5 போக உள் அகலம் 13. சட்டத்தின் உள்ளோரத்தில் 10 மிமீ ஆழக் காடி (நீளப் பள்ளம்). நடுப்பலகை பக்கத்துக்கு 7 மிமீ உள்ளே போனால் போதும், 3 மிமீ சும்மா விடுங்கள். 13 அங்குலப் பலகை வருடத்தில் 2, 3 மிமீ அசையும், அதற்கான இடம் அது. பசை சட்ட மூட்டுக்கு மட்டும். பலகையில் ஒரு சொட்டு பசை பட்டாலும் அது காடியைப் பிடித்துக்கொண்டு நடுவில் பிளக்கும். காடியில் பொருத்தும் முன்பே பலகைக்குப் பாலிஷ் அடித்துவிடுங்கள், சுருங்கும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாது. கீல் எஸ்எஸ் அல்லது பித்தளை. இரும்புக் கீல் ஈரத்தில் மரத்தைக் கருக்கடிக்கும்.

பிளை710:
காய ஒரு வருடம், அதுவரை கப்போர்டுக்குத் துணித் திரையா? சிங்க்கடிக் கதவு எவ்வளவு பாலிஷ் அடித்தாலும் கீழோரம் ஊறத்தான் செய்யும். அங்காவது ஷீட் போடுங்கள்.

இழைப்புளி:
சிங்க்கடியில் ஷீட்டும் வேண்டாம், பலாவும் வேண்டாம். அலுமினியச் சட்டத்தில் பிவிசி பலகை போட்டு, கீழே அரை அங்குலம் காற்றுக்கு விடுங்கள். துணித் திரை ஒரு வருடம் தொங்கட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.