புதுப்பிப்பு: லூவெய்ன் குழுக்கள் உள்ளுக்குள்ளேயே துண்டுபட்டு வந்த சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: புரத ஊடாட்ட வலையமைப்பை (புரதங்கள் கணுக்கள், ஊடாட்டங்கள் விளிம்புகள்) நெட்வொர்க்எக்ஸ் என்ற பைதான் நூலகத்தில், நெருக்கமாக இணைந்த கணுக்களைக் குழுக்களாக்கும் லூவெய்ன் முறையால் பிரித்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் குழுக்கள் மாறின, சில குழுக்களுக்குள் ஒன்றையொன்று தொடாத துண்டுகளும் இருந்தன.

ஸீடை (தற்செயல் தேர்வுகளுக்கான தொடக்க எண்) நிலையாக வைத்தால் ஒரே விடை திரும்பத் திரும்ப வரும், அவ்வளவுதான், துண்டுகள் போகாது. பாலமாக இருந்த கணுவை லூவெய்ன் வேறு குழுவுக்கு நகர்த்திவிட்டால் மிச்சம் இரண்டாக உடைந்து நிற்கும். 2019இல் வெளியான லெய்டன் முறைக்கு மாறச் சொன்னதே பலித்தது. அதில் குழுக்களைத் தனிக் கணுக்களாகச் சுருக்கிச் சேர்ப்பதற்கு முன் ஒரு செம்மையாக்கும் கட்டம் உண்டு. ஒவ்வொரு குழுவும் உள்ளே இணைந்திருக்கும் என்பது அதன் உத்தரவாதம்.

செய்தது: வலையமைப்பை ஐகிராஃப் நூலகத்தின் வடிவுக்கு மாற்றி, லெய்டன் முறைக்கான பைதான் நூலகமான லெய்டன்ஆல்ஜில் ஆர்பி கான்ஃபிகரேஷன் வகை (பிரிப்பின் தரத்தை அளக்கும் சூத்திரம்), ரெசல்யூஷன் (கூட்டினால் குழுக்கள் சிறிதாகும்) 1, சுற்று எண்ணிக்கை -1 (மேம்பாடு நிற்கும் வரை ஓடும், இயல்பாக 2 சுற்றுதான்).

எதிர்பாராதது: நெட்வொர்க்எக்ஸ் விளிம்பு எடையை (இணைப்பின் வலுவைச் சொல்லும் எண்) தானாகவே எடுத்துக்கொள்ளும், லெய்டன்ஆல்ஜ் எடுக்காது. எடைப் பண்பின் பெயரை நாமே தர வேண்டும். தராவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது, குழுக்கள் மட்டும் வேறாக வரும். முறையை மாற்றி ஒப்பிடுபவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

ஸீட் மாறினால் லெய்டனிலும் எல்லைக் கணுக்கள் இடம் மாறுகின்றன. பல ஸீடுகளில் ஓட்டி, எந்தப் புரத ஜோடிகள் எப்போதும் சேர்ந்தே வருகின்றன என்று எண்ணி, அவற்றை மட்டுமே உயிரியல் விளக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.