ஸ்ட்ரீமிங்குக்குத் தமிழ்ச்சொல்: ஓடையா, தாரையா, பாய்வா?

அனைவருக்கும் வணக்கம்.

இணையத்திலிருந்து வரும் இசையையோ காணொளியையோ சேமித்து வைக்காமல் வர வரக் கேட்பதும் பார்ப்பதுமான ஸ்ட்ரீமிங் என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இந்த உரையாடலில், ஓடையாக்கம், தாரை, நேரலை, தொடரொலிப்பு என நான்கு சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் வேரும் அழகும் நன்றாகவே பேசப்பட்டுவிட்டன. ஆனால் இச்சொல் தனியாக நிற்கப் போவதில்லை. இசைக்கோப்புகளைப் பகிரும் எந்தப் பக்கத்திலும் இது டவுன்லோடு என்பதற்குப் பக்கத்துப் பொத்தானில்தான் இருக்கப் போகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்து வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பதும், பாட்டைக் கேட்டு முடித்த பிறகு அது நம்மிடம் இருக்குமா இருக்காதா என்பதைப் பொத்தானைப் பார்த்த மாத்திரத்தில் கேட்பவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதும் என் கருத்து.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. என் தாய்மாமா நாகஸ்வரக் கலைஞர். அவருடைய குருநாதர் ஒரு கோயில் திருவிழாவில் வாசித்த தோடி ஆலாபனையை, யாரோ ஒலிநாடாவிலிருந்து மாற்றி ஒரு தமிழ்த் தளத்தில் ஏற்றியிருப்பதை 2000-களின் தொடக்கத்தில் கண்டேன். பக்கத்தில் இருந்தது ஒரே பொத்தான். அதில் ‘இறக்கிக் கேட்க’ என்று எழுதியிருந்தது. மாமா வீட்டில் கணினி உண்டு, இணைய இணைப்பு இல்லை. நான் பிரவுசிங் சென்டரில் அந்தக் கோப்பைச் சேமித்து, ஃபிளாப்பியில் போட்டு, ஊருக்கு எடுத்துச் சென்றேன். மாமா குளித்து, திருநீறு பூசி, நாற்காலியைக் கணினியின் முன் இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். கோப்பைத் திறந்தால் பிழைச்செய்தி மட்டுமே வந்தது. நோட்பேடில் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு வரி, அதுவும் ஓர் இணைய முகவரி.

இணைய வழி ஒலிக்கான ரியல்ஆடியோ மென்பொருள் 1995-இல் வெளிவந்த பிறகு பல தளங்கள் கையாண்ட முறை அது. ராம் (.ram) என்ற நீட்சி கொண்ட அந்தச் சிறு கோப்பில் இசை இருக்காது. இசை எந்த வழங்கியிலிருந்து (சர்வர்) வர வேண்டும் என்ற முகவரி மட்டுமே இருக்கும். இயக்கி (பாட்டை ஒலிக்கச் செய்யும் மென்பொருள்) அதைப் படித்து, வழங்கியோடு தொடர்புகொண்டு, வர வர ஒலிக்கும். நொடிக்கு 16 கிலோபிட் வீதத்தில் சுருக்கினால் 10 நிமிட இசையே ஏறத்தாழ 1.2 மெகாபைட்டில் அடங்கிவிடும் என்பதால், 1.44 மெகாபைட் ஃபிளாப்பியில் அது கொள்ளாதே என்ற ஐயமும் எனக்கு எழவில்லை. கோப்பின் அளவைப் பார்க்காதது என் பிழை. இறக்க முடியாத ஒன்றை ‘இறக்கி’ என்று சொன்னது அந்தப் பொத்தானின் பிழை. பின்னர் அந்தத் தளமே மறைந்துவிட்டது. மாமா அந்தத் தோடியைக் கேட்காமலேயே போய்ச் சேர்ந்தார்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். டவுன்லோடு என்பதற்குப் பதிவிறக்கம், தரவிறக்கம் என்ற இரண்டும் வழக்கில் உள்ளன. இரண்டும் ஒன்றே, எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஸ்ட்ரீமிங்கோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போது அப்படி இல்லை. ஸ்ட்ரீமிங்கிலும் தரவு இறங்கத்தான் செய்கிறது. வழங்கியிலிருந்து நம் கருவிக்குத் தரவு வராமல் ஒலி எங்கிருந்து எழும்? நொடிக்கு 128 கிலோபிட் வீதத்தில் அமைந்த 5 நிமிட எம்பி3 பாட்டை இறக்கினாலும், அதே வீதத்தில் ஸ்ட்ரீமிங்காகக் கேட்டாலும், கம்பி வழியே வருவது ஏறத்தாழ 4.8 மெகாபைட்தான். எனவே தரவிறக்கம் என்பது சொல்லளவில் இரண்டுக்கும் பொருந்திவிடுகிறது. பதிவிறக்கம் என்பதில் உள்ள ‘பதிவு’தான் வேறுபாட்டைக் காட்டுகிறது. அதைப் பதிவை இறக்குதல் என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாக விரித்தாலும் சரி, பதிவாக இறக்குதல் என்று கொண்டாலும் சரி, முழுமையான ஒரு பதிவு வந்து தங்குகிறது என்ற பொருள் கிடைக்கிறது. தரவிறக்கம் என்று பழகியவர்களை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும், இரு சொற்களும் எதிரெதிராக நிற்க வேண்டிய இடங்களில் பதிவிறக்கத்தையே கொள்வோம் என்று வேண்டுகிறேன்.

நேரலையை முதலில் விலக்கிவிடலாம். அது நிகழ்வு நடக்கும்போதே ஒளிபரப்புவதைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கச்சேரியை நான் இன்றிரவு ஸ்ட்ரீமிங்கில் கேட்கிறேன் என்றால் அதில் நேரடி எதுவுமில்லை. தொடரொலிப்பு காணொளிக்குப் பொருந்தாது.

தாரையை முன்வைத்த ஐயாவின் வாதம் வலுவானது. தைலதாரை என்று அறுபடாத ஒழுக்குக்கு உவமை சொல்லும் மரபு நமக்கு உண்டு. கண்ணீர் தாரை தாரையாக வழிகிறது என்பது நாள்தோறும் வழங்குவது. எனக்குள்ள தயக்கங்கள் இரண்டு. இசையைப் பற்றிப் பேசும் இடத்தில் தாரை என்பது ஓர் ஊதுகருவியின் பெயர். தாரை தப்பட்டை என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘தாரை இசை’ என்றால் அந்தக் கருவியின் இசையே நினைவுக்கு வரும். இன்னொன்று, தாரை வார்த்தல் என்பது நீர் ஊற்றி ஒரு பொருளை முழு உரிமையோடு இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவது. ஸ்ட்ரீமிங்கில் நடப்பது அதற்கு நேர்மாறு, எதுவும் கைமாறுவதில்லை.

ஓடை எளிய சொல், எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அது நீர் ஓடுகிற இடத்தின் பெயர், ஓடுதலின் பெயரன்று. வினையாக்க வேண்டுமானால் ஆக்கு என்ற துணை தேவைப்படுகிறது. ‘ஓடையாக்கிக் கேட்டேன்’ என்று யாரும் பேச மாட்டார்கள். ஒரு கலைச்சொல்லை நான் முதலில் சோதிப்பது இப்படித்தான். அதை இறந்தகால வினைமுற்றாக்கி, வீட்டில் ஒருவரிடம் சொல்லிப் பார்ப்பேன்.

நான் முன்வைப்பது பாய்வு. ஆய் ஆய்வாகவும், ஓய் ஓய்வாகவும், சாய் சாய்வாகவும் ஆவதுபோல் பாய் பாய்வாகிறது. புதிதாக எதையும் ஒட்ட வேண்டியதில்லை. இறங்கு, இறக்கு என்பதுபோலவே பாய், பாய்ச்சு என்று தன்வினையும் பிறவினையும் இயல்பாகவே அமைந்திருக்கின்றன. ‘பாட்டு இறங்கிவிட்டது’ என்று சொல்வதுபோல் ‘பாட்டு பாய்கிறது’ என்றும், ‘வழங்கி இசையைப் பாய்ச்சுகிறது’ என்றும் சொல்லலாம். ஒலிப்பாய்வு, காணொளிப்பாய்வு, நேரலைப் பாய்வு, பாய்ச்சு வழங்கி என்று கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன. பாய்ச்சல் என்றால் புலியின் தாவல் நினைவுக்கு வருமே என்று அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். அதனால்தான் பாய்ச்சல் வேண்டாம், பாய்வு போதும் என்கிறேன்.

உழவர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இச்சொல்லில் இன்னொரு பொருத்தமும் தெரியும். வாய்க்காலில் முறை வைத்து வயலுக்கு நீர் பாய்ச்சும்போது, மடை திறந்திருக்கும் வரைதான் நமக்கு நீர். மடையை அடைப்பதும் திறப்பதும் மேலே இருப்பவர் கையில். நம் கிணற்றிலோ தொட்டியிலோ தேங்கிய நீர் அப்படியன்று. அதை எப்போது வேண்டுமானாலும் இறைத்துக்கொள்ளலாம். தரவு தற்காலிகமாகத் தங்கும் இடமான பஃபர் என்பதற்கு இடையகம் என்ற சொல் வழக்கில் இருந்தாலும், பாய்வைப் பற்றிப் பேசும்போது இடைத்தேக்கம் என்பது இன்னும் தெளிவாக இருக்கும். வலை மெதுவாகும்போது பாட்டு அறுபடாமல் இருக்க, சில நொடிக்கான தரவு முன்கூட்டியே தேங்குகிறது. ஒலித்த பின் அது வடிந்துவிடுகிறது. தேக்கம் வற்றினால் திரையில் வட்டம் சுழல்கிறது. 56 கிலோபிட் மோடம் காலத்தில் 128 கிலோபிட் பாட்டைப் பாய்வில் கேட்கவே முடியாமல் போனதற்குக் காரணம், தரவின் வரவைவிட வடிதல் இரண்டு மடங்குக்கும் மேல் என்பதுதான். அந்தப் பாட்டை இறக்கினால் 11 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆனால் காத்திருந்தால் கிடைத்துவிடும்.

இந்த வேறுபாட்டை நீதிமன்றங்களும் எடைபோட்டுப் பார்த்திருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். இறக்கும்போது இசை செவிக்குக் கேட்பதில்லை, எனவே பதிவிறக்கம் பொது நிகழ்த்தல் (படைப்பைப் பொதுவில் நிகழ்த்திக் காட்டுதல்) ஆகாது என்று அமெரிக்காவின் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. கனடா உச்ச நீதிமன்றம் 2012 ஜூலை 12 அன்று ஒரே நாளில் வழங்கிய தீர்ப்புகளில், இசை அடங்கிய விளையாட்டு மென்பொருளைப் பதிவிறக்கத்துக்குத் தருவது இசையைப் பொதுமக்களுக்குத் தெரிவித்தல் ஆகாது என்றும், இசையைப் பாய்ச்சுவது அப்படித் தெரிவித்தலே என்றும் பிரித்துச் சொன்னது. நம் நாட்டில் டிப்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்துக்கும் வின்க் என்ற இசைச் செயலி நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அளித்த இடைக்கால உத்தரவும், பதிவிறக்க வசதியை விற்பனை அல்லது வாடகையின் பக்கமும், பாய்வைப் பொதுமக்களுக்குத் தெரிவித்தலின் பக்கமும் வைத்தது. நாளை ஓர் ஒப்பந்தத்தையோ தீர்ப்பையோ தமிழில் எழுதுபவர் இரண்டுக்கும் ‘இறக்கம்’ என்று எழுதிவிட்டால், பாடகருக்குச் சேர வேண்டிய தொகையே மாறிப் போகும்.

இணையத்தில் விரும்பிப் பகிரப்படும் இசைக்கும் இது பொருந்தும். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க இசைக்குழு தன் கச்சேரிகளைக் கேட்க வருபவர்கள் ஒலிப்பதிவு செய்துகொள்ள இடம் கொடுத்தது. 1984 முதல் அவர்களுக்கென்றே அரங்கில் தனிப் பகுதியும் ஒதுக்கியது. அந்தப் பதிவுகள் ஆயிரக்கணக்கில் இணைய ஆவணக் காப்பகம் (Internet Archive) என்ற தளத்தில் சேர்ந்திருந்தன. 2005 நவம்பரில் பதிவிறக்க வசதி திடீரென்று நீக்கப்பட்டது. ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களில் ஒரு சமரசம் ஏற்பட்டது: அவையில் அமர்ந்து ரசிகர்கள் எடுத்த பதிவுகளைப் பதிவிறக்கலாம், மேடையின் ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேரே எடுத்த பதிவுகளைப் பாய்வில் மட்டும் கேட்கலாம். இன்றும் அப்படித்தான் உள்ளது. ஒரே கச்சேரி, ஒரே இரவு. ஒரு பதிவை எடுத்து வைத்துக்கொள்ளலாம், இன்னொன்றைக் கேட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். அந்தக் குறிப்பைத் தமிழாக்கிப் பார்த்தேன்: ‘இப்பதிவு பாய்வில் மட்டும் கிடைக்கும், பதிவிறக்க இயலாது.’ ஓடை, தாரை என்ற சொற்களை இட்டும் எழுதிப் பார்த்தேன். ‘மட்டும்’ அவற்றோடு இவ்வளவு இயல்பாகச் சேரவில்லை.

எல்லைக்கோட்டில் நிற்பவை இரண்டு உள்ளன. சாதாரண வலை வழங்கியிலிருந்து கோப்பு இறங்க இறங்கவே ஒலிப்பதும், முடிவில் முழுக் கோப்பும் நம் கணினியின் தற்காலிக அடைவில் இருப்பதும் ஒன்று. இது பாய்வுபோல் தோன்றினாலும் முழுக் கோப்பும் வந்து சேர்கிறது என்பதால், உடனொலிப் பதிவிறக்கம் என்று பதிவிறக்கத்தின் பக்கமே வைக்கலாம். இதில் எனக்கு ஐயமில்லை.

இரண்டாவதுதான் தொல்லை. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் சந்தாதாரர் அழுத்தும் பொத்தானில் டவுன்லோடு என்றுதான் இருக்கிறது. ஆனால் அப்படி வரும் கோப்பு பூட்டப்பட்டிருக்கும். வேறு இயக்கியில் திறக்காது, இன்னொருவருக்குக் கொடுக்கவும் இயலாது. 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணையாவிட்டால் அது ஒலிக்காது, சந்தா நின்றாலும் ஒலிக்காது. இதைப் பதிவிறக்கம் என்று எழுதினால், என் மாமாவுக்கு நான் கொண்டுபோன ஃபிளாப்பியின் கதைதான் மீண்டும் நடக்கும். செயலிச் சேமிப்பு என்று எழுதலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் அது கெடுவுக்கு உட்பட்டது என்பதை இச்சொல் உணர்த்தவில்லை. தவணைச் சேமிப்பு என்றால் வங்கி நினைவுக்கு வருகிறது. இதற்கு மட்டும் என்னிடம் நிறைவான சொல் இல்லை. உங்கள் பரிந்துரைகளை எதிர்பார்க்கிறேன். நீரியலிலும் இயற்பியலிலும் பாய்வு என்ற சொல்லை ஏற்கெனவே ஆள்பவர்கள், அவ்வாட்சியோடு இது எங்கேனும் முட்டுமானால் அதையும் எடுத்துக்காட்டுடன் எழுத வேண்டுகிறேன்.