ரெட்மெயினுக்கு ஆஸ்கர் கொடுத்தது சரியா?

நிலவன்: "விஞ்ஞானி ஸ்டீஃபன் ஹாக்கிங்கா நடிகர் எடி ரெட்மெயின் நடிச்சதுல பாதி சக்கர நாற்காலி, மீதி மேக்கப்"னு நேத்து சேலத்தான் எழுதினதைப் படிச்சதுல இருந்து ஆத்திரம் அடங்கல. ஹாக்கிங் வாழ்க்கையைச் சொல்ற, 2014-ல வந்த 'தி தியரி ஆஃப் எவ்ரிதிங்' கதை வரிசைப்படி எடுத்த படமே இல்ல. காலையில நல்லா நடக்கிற மாணவன், மதியம் ரெண்டு கைத்தடி, சாயங்காலம் நாற்காலி. எல்லாம் ஒரே நாள்ல! நரம்பு நோயால ஹாக்கிங்குக்கு எந்தத் தசை எப்போ செயலிழந்ததுன்னு அட்டவணை போட்டு வச்சு நடிச்சிருக்கார். இதை மேக்கப் செய்யுமா?

சேலத்தான்: எந்தப் படத்தை வரிசையா எடுக்கிறாங்க? கடைசிப் பகுதியில வர்ற குரலே ஹாக்கிங்கோட கம்ப்யூட்டர் குரல். படம் பார்த்துட்டு அவரே கொடுத்தது. குரலும் கிடையாது, அசைவும் கிடையாது. அப்புறம் எதுக்குப் பரிசு?

நிலவன்: அசையாம நடிக்கிறதுதான்யா கஷ்டம். 1985-ல தொண்டையில துளை போட்டுப் பேச்சு போன பிறகு, மனைவி ஜேன் எழுத்துப் பலகையை நீட்டுற காட்சியைப் போய்ப் பாருங்க. கண்ணும் முகமும் மட்டும்தான். ஒரே நாள்ல மூணு உடம்புன்னேனே, அதுக்குப் பதில் எங்கே?

மீரா: நானும் சக்கர நாற்காலியிலதான் இருக்கேன். எங்க வாழ்க்கையை நடிக்க எங்கள்ல ஒருத்தரைக் கூப்பிட மாட்டாங்க. அதைப் பத்தி ரெண்டு பேரும் வாயே திறக்கலையே?

நிலவன்: 21 வயசுல நோய் தெரியுறதுக்கு முன்னாடி ஹாக்கிங் நடந்தவர்ங்க. ஆக்ஸ்ஃபோர்டு படகுக் குழுவுல சுக்கான் பிடிச்சவர். அதை யார் நடிக்கிறது?

மீரா: சின்ன வயசுக்கு ஒருத்தர், பெரிய வயசுக்கு ஒருத்தர்னு போடுறதே இல்லையா?

சேலத்தான்: அப்படிக் கேளுங்க!

மீரா: நீங்க சும்மா இருங்க. போன வாட்டி இதே பேச்சுல என்னைக் கிண்டல் பண்ணினது மறக்கல.

தெற்குவீதி: அந்த வருஷம் 'பேர்ட்மேன்' படத்துக்காக மைக்கேல் கீட்டனுக்குத்தான் ஆஸ்கர் கிடைச்சிருக்கணும். நடிகர் கம்பர்பேட்ச் 2004-லயே பிபிசிக்கு ஹாக்கிங்கா நடிச்சுட்டார். நடிப்புன்னா 'மை லெஃப்ட் ஃபுட்' படத்துல மூளை முடக்குவாதம் உள்ளவரா நடிச்ச டே-லூயிஸ்தான். படப்பிடிப்புல நாற்காலியை விட்டே இறங்கல.

நிலவன்: அதைத்தானே நானும் சொல்றேன்! டே-லூயிஸ் ஒரே உடம்புல இருந்தார். இவர் ஒரே நாள்ல மூணு உடம்பு மாறினார். லண்டன்ல ஒரு கிளினிக்ல இதே நோய் உள்ளவங்களைப் பார்த்து, நடன இயக்குநரை வச்சு ஒவ்வொரு விரலா பழகினார்.

சேலத்தான்: மறுபடியும் ஒரே நாளா? வேற பேச்சே இல்லையா?

நிலவன்: பதில் சொல்லுங்க, நிறுத்துறேன்.

தெற்குவீதி: கீட்டனைப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டீங்களே.