வற்றாளை இலையில் தங்க நிற வண்டு: மருந்து அடிக்கலாமா?

கிளிநொச்சித் தோட்டம்:
வளவில் வற்றாளை (சர்க்கரைவள்ளிக்கிழங்கு) நட்டிருக்கிறோம். கொடி ஓடத் தொடங்கியதும் இலை முழுக்க வட்ட வட்ட ஓட்டை. தங்கமாக மினுங்கும் சின்ன வண்டு ஒன்று நிற்கிறது. இலையின் கீழ்ப்பக்கத்தில் முதுகில் கறுப்பு அழுக்கோடு முள்ளு முள்ளான புழுக்களும் உண்டு. பிள்ளைகள் வண்டைப் போத்தலில் போட்டார்கள், செத்ததும் மண்ணிறமாகிவிட்டது. இவை இரண்டு பூச்சியா? கடையில் மருந்து அடிக்கச் சொல்கிறார்கள்.

மாங்குளம் அண்ணை:
தங்கச்சி, மருந்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். இரண்டும் ஒன்றுதான், ஆமை வண்டு. புழுவின் வால் நுனியில் கவை போல ஒரு உறுப்பு இருக்கிறது. உரித்த தோலையும் தன் எச்சத்தையும் அதில் கோத்து முதுகுக்கு மேலே பிடித்துக்கொள்ளும். எறும்பு நெருங்கினால் அந்தப் பக்கம் திருப்பிக் காட்டும். எவ்வளவு அருமையான கேடயம் பாருங்கள்! வளர்ந்த வண்டோ காலையும் தலையையும் ஓட்டுக்குள் இழுத்து இலையோடு ஒட்டிவிடும். பொன்னிறம் சாயமில்லை. ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் ஈரம் இருக்கும்வரை ஒளி அப்படித் தெறிக்கிறது. செத்துக் காய்ந்தால் போய்விடும்.

கிளிநொச்சித் தோட்டம்:
நன்றி அண்ணை. பக்கத்துக் கங்குன் கீரைப் பாத்தியிலும் அதே ஓட்டை. அதுவும் இதன் வேலையா?

மாங்குளம் அண்ணை:
பெரும்பாலும் அதுதான். கங்குன், வற்றாளை, முல்லைத்தீவுக் கடற்கரை அடம்பன் கொடி எல்லாம் ஒரே குடும்பம், இந்த வண்டுகளுக்குப் பிடித்த சாப்பாடு. கங்குனை நாங்கள் பறித்துச் சமைக்கிறோம், அதில் நஞ்சு அடிப்பது எனக்குச் சரியாகவே படவில்லை. காலையில் இலையைத் திருப்பிப் பார்த்து, புழுவையும் காகிதம் மாதிரி ஒட்டியிருக்கும் முட்டைக்கூட்டையும் நசுக்குங்கள். முட்டையையும் கூட்டுப்புழுவையும் அழிக்கும் சின்னக் குளவிகள் உண்டு. மருந்து அவற்றையும் கொன்றுவிடும்.

முருங்கன் விவசாயி:
ஓட்டை விழுந்த இலையால் ஓடுகிற கொடிக்குப் பெரிய சேதமில்லை. புதிதாக நட்ட துண்டுகளில் மட்டும் கவனம் வையுங்கள். கிழங்கைக் கெடுப்பது வேறு வண்டு: நீலக்கறுப்பு உடல், சிவந்த கழுத்து, நீண்ட மூக்கு, பார்த்தால் எறும்பு என்று நினைப்பீர்கள். அதன் புழு தண்டின் அடியிலும் கிழங்கிலும் குடையும், கிழங்கு கசக்கும். மண் வெடிப்பு வழியாகத்தான் அது கிழங்கைத் தேடிப் போகிறது. எங்கள் களிமண் வெயிலில் பிளக்கிற பிளவுக்கு இதுதான் பெரிய தலையிடி. ஆகவே மண் அணையுங்கள், பாத்தியைக் காய விடாதீர்கள். வண்டு இல்லாத கொடி நுனியையே அடுத்த நடுகைக்கு எடுங்கள்.

கிளிநொச்சித் தோட்டம்:
சரி, மருந்து வாங்கவில்லை. பின்னேரம் மண் அணைக்கிறோம்.