தேவை வரைபடங்களை மெர்மெய்டில் எழுதலாமா?

கோட்டுரு:
ரயில் கதவுக் கட்டுப்பாட்டு மென்பொருளின் தேவை வரைபடங்களை, அதாவது மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அத்தேவைகளுக்கிடையேயான தொடர்பையும் காட்டும் படங்களை, படக்கருவியில் வரைவதை நிறுத்திவிட்டு, எழுத்து வரிகளைப் படமாக மாற்றும் கருவியான மெர்மெய்டில் எழுத வேண்டும் என்று எங்கள் குழுவில் வாதிட்டு வருகிறேன். மெர்மெய்டின் தேவை வரைபடம் அமைப்புகளை விவரிக்கும் படமொழியான சிஸ்எம்எல்லின் 1.6 வரையறையைப் பின்பற்றுகிறது. ‘வண்டி நகரும்போது கதவு திறக்கக் கூடாது’ என்ற தேவையின் அடையாள எண், வாசகம், இடர் அளவு, சரிபார்க்கும் முறை ஆகியவற்றை நான்கே வரிகளில் எழுதிவிடலாம். அவ்வரிகள் நிரலோடு சேர்ந்து, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டில் இருப்பதால், ஒரு சொல் மாறினாலும் அதை யார், எப்போது மாற்றினார் என்பது தெரிந்துவிடும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2022 பிப்ரவரி முதல் மெர்மெய்டைப் பக்கத்திலேயே வரைந்து காட்டுகிறது.

தடம்காண்பவர்:
மாற்றம் தெரிவது நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தேவைகளுக்கு உயிர் அவற்றுக்கிடையேயான தொடர்பில்தான் இருக்கிறது. உள்ளடக்குதல், நகலெடுத்தல், வருவித்தல், நிறைவேற்றல், சரிபார்த்தல், நுணுக்குதல், தடம் காட்டல் என ஏழு உறவுகளை மெர்மெய்டு தருகிறது. ‘நிறைவேற்றல்’ என்று எழுதினால் ஓர் அம்பு வரையப்படுமே தவிர, அந்தக் கூறு உண்மையிலேயே தேவையை நிறைவேற்றுகிறதா, அதற்கான சோதனை தேறியதா என்பது மெர்மெய்டுக்குத் தெரியாது. ஆவணச் சுட்டாக நீங்கள் இடும் கோப்புப் பெயரும் வெறும் எழுத்துதான்; அந்தக் கோப்பையே அழித்தாலும் வரைபடம் அப்படியே இருக்கும். இருநூறு தேவைகளை ஒரே படத்தில் இட்டுப் பாருங்கள், அம்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

கோட்டுரு:
இருநூற்றையும் ஒரே படத்தில் இட எனக்கு எண்ணமில்லை. துணை அமைப்புக்கு ஒரு படம் போதும். அம்பு உண்மையா என்பதைக் கையால் வரைந்த படமும் அறியாது. எழுத்தாக இருந்தால், ஒவ்வொரு தேவைக்கும் ‘சரிபார்த்தல்’ உறவு உண்டா, சுட்டிய கோப்பு இருக்கிறதா என்பதை ஒரு சிறு நிரலால் ஒவ்வொரு முறையும் சோதித்துவிடலாம். படத்தில் அதற்கு வழியே இல்லை.

தடம்காண்பவர்:
அந்தச் சிறு நிரல்தான் எனக்குக் கவலை. ரயில்வே மென்பொருளுக்கான ஐரோப்பியத் தரநிலை இ.என். 50128-உம், 2023இல் அதற்கு மாற்றாக வந்த இ.என். 50716-உம், கருவியின் பிழை மென்பொருளை எப்படிப் பாதிக்கும் என்பதைப் பொறுத்துக் கருவிகளை டி1, டி2, டி3 என்று வகுக்கின்றன. பிழையைக் கண்டுபிடிக்கத் தவறக்கூடிய சரிபார்ப்புக் கருவி டி2 வகையில் வரும்; அதைத் தேர்ந்ததற்கான காரணத்தையும், அது தவறினால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்பதையும் எழுத்தில் காட்ட வேண்டும். ஓர் இரவில் எழுதிய நிரலுக்கு அந்த ஆவணத்தை யார் எழுதுவது? தேவைகள் தரவுத்தளத்திலேயே இருக்கட்டும். மெர்மெய்டு வரிகளை அதிலிருந்து தானாக உருவாக்கிக்கொள்ளுங்கள்.

கோட்டுரு:
டி2 பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அந்த ஆவணத்தை நானே எழுதுகிறேன். தரவுத்தளத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. நிரலாளர் அதைத் திறப்பதே இல்லை; அவர் அன்றாடம் படிக்கும் இடத்தில்தான் கதவுத் தேவை இருக்க வேண்டும்.